குளியலறைப் புதுப்பிப்பில் குழாய் வேலையை நாமே செய்வது: எதுவரை துணியலாம்?

சுண்ணாம்புச்சுவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய வீட்டின் குளியலறையையும் சமையலறையையும் முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறோம். சுவருக்குள் ஓடும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் துருவேறிப் போய்விட்டன. காலையில் முதன்முதலாகத் திறக்கும்போது சிறிது நேரம் செம்பழுப்பு நிறத்தில்தான் தண்ணீர் வருகிறது. வெட்டி எடுத்த ஒரு துண்டைப் பார்த்தால், அரை அங்குலக் குழாயின் துளை ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஆகவே அனைத்தையும் மாற்றுவது என்று முடிவாகிவிட்டது.

திருகுகளை (தண்ணீரைத் திறந்து மூடும் குழாய்களை) மாற்றுவது, ஃப்ளஷ் தொட்டியின் மிதவை வால்வைப் புதுப்பிப்பது, ஆங்கிள் காக் (சுவர் இணைப்பில் வரும் சிறு அடைப்பு வால்வு) பொருத்துவது போன்ற வேலைகளை இதுவரை நானே செய்துவந்திருக்கிறேன். இம்முறை குளிர்நீர், வெந்நீர் இணைப்புகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் நானே பதிக்க விரும்புகிறேன். செலவைக் குறைப்பது மட்டும் நோக்கமன்று. என் வீட்டுச் சுவருக்குள் எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். எந்தப் பகுதியில் நான் கை வைக்கலாம், எதை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ரென்ச்

இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் செய்யலாம். ஆனால் "எளிய வேலை, கடினமான வேலை" என்று பிரித்துப் பார்க்காதீர்கள். "கண்ணுக்குத் தெரியும் வேலை, மூடப்படும் வேலை" என்று பிரித்துப் பாருங்கள். வாஷ்பேசின் அடியில் இருக்கும் ஆங்கிள் காக் கசிந்தால் அன்றைக்கே தரை நனையும். வால்வை மூடிவிட்டு மறுபடி டெஃப்லான் டேப் சுற்றிக்கொள்ளலாம். டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஓர் எல்போ (வளைவு இணைப்பு) சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், அது பல மாதங்கள் கழித்து அடுத்த அறையின் சுவரில் ஓதமாகத்தான் வெளிப்படும். இரண்டு இணைப்புகளையும் செய்வதற்குத் தேவைப்படும் கைத்திறன் ஏறத்தாழ ஒன்றுதான். பிழை எப்போது தெரியவரும் என்பதில்தான் வேறுபாடு.

எனவே மூடப்படும் வேலையை நீங்களே செய்யலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: மூடுவதற்கு முன் அதை முறைப்படி சோதிப்பதற்கு வேண்டிய கருவியும் பொறுமையும் உங்களிடம் இருக்குமானால் செய்யலாம். டைல்ஸ் ஒட்டுபவர் நாளை வருகிறார் என்பதற்காக இன்றிரவு குழாய் பதிப்பதாக இருந்தால், அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

மூன்று இடங்களில் மட்டும் நான் உறுதியாக மறுப்பேன். எரிவாயுக் குழாய், தெருவிலிருந்து வரும் பொது நீரிணைப்பு, பொதுச் சாக்கடையுடன் சேரும் இணைப்பு ஆகிய இவற்றில் தவறு நேர்ந்தால் பாதிப்பு உங்கள் வீட்டோடு நிற்காது. பல நாடுகளில் இவற்றுக்கு உரிமம் பெற்றவரின் கையொப்பம் கட்டாயம். சில இடங்களில் சுவருக்குள் பதிக்கும் குழாய்களுக்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சுவரைத் திறப்பதற்கு முன்பே உங்கள் பகுதி விதிகளையும், வீட்டுக் காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் இடம் குளியலறை அன்று; வீட்டின் முதன்மை வால்வு. பழைய கேட் வால்வு பல ஆண்டுகள் அசைக்கப்படாமல் இருந்தால், மூடியதுபோல் தோன்றினாலும் உள்ளே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். முதலில் அதை மாற்றி ஒரு பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று மூடும் வகை) வையுங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு இருந்தால், ஒரு பக்கம் வேலை நடக்கும்போது மறுபக்கம் வீட்டார் தண்ணீரின்றித் தவிக்க வேண்டியிராது.

ஈரச்சுவர்

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் வீட்டில் குழாய் பதித்தவர் தொழில்முறைப் பணியாளர்தான். ஆயினும் குடியேறிய மறு ஆண்டே படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொருமி உதிரத் தொடங்கியது. திறந்து பார்த்தபோது, ஒரு டீ இணைப்பில் (மூன்று வாய் உள்ளது) சால்வென்ட் என்ற ஒட்டுப் பசையைப் பூசாமல் குழாயைச் சும்மா செருகி வைத்திருந்தது தெரியவந்தது. அளவு பார்ப்பதற்காகச் செருகியவர், பிரித்துப் பூசி ஒட்ட மறந்திருக்கிறார். அந்த இறுக்கமே அத்தனை காலம் தண்ணீரைப் பெரும்பாலும் தாங்கியிருக்கிறது.

தொழில் தெரிந்தவரே இப்படிச் செய்யும்போது, புதியவர் ஒருவர் சுவருக்குள் பதிப்பது பொருந்துமா என்பது என் ஐயம். குறைந்தபட்சம் தொழில்முறைப் பணியாளரிடம் பொறுப்பு கேட்கலாம்.

பழைய ரென்ச்

ஈரச்சுவர் அவர்கள் சொன்ன நிகழ்வைத்தான் நானும் என் கருத்துக்குச் சான்றாகக் கொள்வேன். அந்த வீட்டில் குறைந்திருந்தது கைத்திறன் அன்று, சோதனை. ஒட்டப்படாத இணைப்பு வீட்டின் வழக்கமான அழுத்தத்தைத் தாங்கினாலும் சோதனை அழுத்தத்தில் பெரும்பாலும் கழன்றுவிடும். தமது வீட்டுக்குத் தாமே வேலை செய்பவருக்கு ஒரு வசதி உண்டு: அடுத்த வீட்டு வேலைக்கு ஓட வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை.

இந்தக் குறையைத் தவிர்க்க ஒரு பழக்கம் சொல்கிறேன். அளவு பார்க்கச் செருகும்போது குழாயிலும் ஃபிட்டிங்கிலும் (இணைப்புத் துண்டிலும்) சேர்த்து ஒரு பென்சில் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அது திசையைக் காட்டும். சால்வென்ட் பூசி ஒட்டி முடித்தவுடன், அதே இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பட்டை போடுங்கள். மார்க்கர் பட்டை இல்லாத இணைப்பு ஒட்டப்படாத இணைப்பு என்று கொள்ளுங்கள். சுவரை மூடுமுன் ஒவ்வொரு பட்டையையும் விரலால் தொட்டு எண்ணுங்கள்.

தாமிரநிறம்

எந்தக் குழாய் என்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. குளிர்நீருக்கு யூபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் போதும். ஆனால் அதை வெந்நீர்ப் பாதையில் ஒரு சாண் நீளம்கூடப் பயன்படுத்தக் கூடாது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது தன் வலிமையைப் பெரும்பாலும் இழந்துவிடும். வெந்நீருக்கும் ஏற்ற பிளாஸ்டிக் வகையான சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும் என்று குறிப்பிடப்பட்டிருக்கும். ஆனால் வெப்பம் ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பிபிஆர் என்ற மற்றொரு வகைப் பிளாஸ்டிக் குழாயை ஒட்டுவதில்லை. சூட்டுக் கருவியில் 260 டிகிரியில் உருக்கி இணைக்கிறோம். 20 மி.மீ. குழாயை ஐந்து நொடி சூடாக்கி, எடுத்த நான்கு நொடிக்குள் செருகிவிட வேண்டும். அதிக நேரம் சூடாக்கினால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே வழிந்து துளையை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு அழகாகவே தெரியும். சூட்டுக் கருவியைப் பிடித்துப் பழகாதவர் சிபிவிசி எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

சிபிவிசி இணைப்பு எளிதுதான். ஆனால் ஒவ்வொரு படியும் முக்கியம். குழாயை நேர்கோணத்தில் வெட்டுங்கள். உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் நிற்கும் பிசிறை நீக்குங்கள். வெளிவிளிம்பைச் சற்றே சரிவாகச் சீவுங்கள். சரிவு இல்லையென்றால் குழாயின் கூரான விளிம்பு ஃபிட்டிங்குக்குள் பூசிய சால்வென்டை வழித்துக்கொண்டு போய் அடியில் தள்ளிவிடும். இணைப்பு வாயில் பசை இல்லாமல் போகும். குழாயில் தாராளமாகவும் ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லியதாகவும் பூசிச் செருகும்போது கால் சுற்று திருப்புங்கள். செருகியதும் கையை எடுத்துவிடாதீர்கள். ஃபிட்டிங்கின் உட்புறம் உள்ளே போகப் போகக் குறுகும்படி அமைந்திருப்பதால், பசை பிடிப்பதற்கு முன் குழாயை மெல்ல வெளியே தள்ளும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தால், வாயைச் சுற்றிலும் ஒரே சீரான பசை வளையம் தெரியும். வளையத்தில் இடைவெளி இருந்தால் அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிடுங்கள்; மேலே பசை பூசி ஒப்பேற்ற வேண்டாம்.

பிவிசிக்கு உரிய சால்வென்ட் வேறு, சிபிவிசிக்கு உரியது வேறு. ஆவி கடுமையாக இருக்கும். சன்னல்களைத் திறந்துவைத்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிபிவிசிக்கு எண்ணெய்ப் பொருட்கள் ஆகாது. மரையில் (திருகுப் புரியில்) தடவும் சில வகைப் பூச்சுகள் நாளடைவில் அதில் விரிசல் உண்டாக்கும். மரை இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப் போதுமானது.

சுண்ணாம்புச்சுவர்

மிக்க நன்றி. மரை பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். சிபிவிசி குழாயின் முடிவில் உலோகக் குழாயைத் திருக வேண்டிய இடங்களில் முழு பிளாஸ்டிக் மரை உள்ள ஃபிட்டிங் வைக்கலாமா, பித்தளை மரை பதித்தது வேண்டுமா? இரண்டுக்கும் விலை வேறுபாடு மிகுதியாக இருக்கிறது.

பழைய ரென்ச்

பித்தளை மரையே வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் பெண் மரைக்குள் (உட்புற மரை) உலோக ஆண் மரையை (வெளிப்புற மரை) முடுக்கும்போது, அது ஆப்புபோல் நின்று ஃபிட்டிங்கை விரித்துக்கொண்டே இருக்கும். அன்று உடையாது, வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறிப் பாய்ந்து சில காலம் கழிந்தபின் நெடுக விரியும். பித்தளையாக இருந்தாலும் கையால் முடுக்கிய பிறகு ஸ்பேனரால் ஒன்று, ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். டேப்பை மரையின் முனையை நோக்கிப் பார்த்தபடி வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும்.

மின்கம்பி

இதுவரை யாரும் குறிப்பிடாத ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து குழாயை வெட்டும் முன் படியுங்கள். நான் மின்பணி செய்பவன்.

பழைய வீடுகள் பலவற்றில் மின்சாரத்தின் எர்த் இணைப்பு உலோகத் தண்ணீர்க் குழாயோடு சேர்க்கப்பட்டிருக்கும். சில வீடுகளில் எர்த் என்பதே அந்தக் குழாய்தான். நீங்கள் ஜிஐ குழாயை நடுவில் வெட்டி சிபிவிசி இணைத்தால், தண்ணீர் ஓடும், எர்த் அறுந்துவிடும். பிறகு எந்தக் கருவியிலாவது மின்கசிவு ஏற்பட்டால், மீதமிருக்கும் உலோகக் குழாயும் அதில் பொருத்தியிருக்கும் திருகும் மின்சாரம் தாங்கி நிற்கலாம். வெட்டும் தருணத்திலும் ஆபத்து உண்டு: ஏற்கெனவே மின்கசிவு இருக்கும் வீட்டில், வெட்டுண்ட இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்தால் மின்னோட்டம் உடலின் வழியே பாயும்.

எனவே முதலில் ஒரு மின்பணியாளரை அழைத்து, வீட்டின் எர்த் தனியாக இருக்கிறதா, குழாயைச் சார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சார்ந்திருந்தால் புதிய எர்த் அமைத்த பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். குளியலறை மின்சுற்றுக்கு மின்கசிவுத் துண்டிப்பான் இல்லையென்றால், சுவர் திறந்திருக்கும் இந்த வேளையே அதைப் பொருத்துவதற்கு ஏற்றது.

சுண்ணாம்புச்சுவர்

இதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. வெட்டும் வேலையை நிறுத்திவிட்டேன். மின்பணியாளர் வந்து பார்த்த பிறகே தொடர்வேன். மனமார்ந்த நன்றி.

வாட்டம்

கழிவுநீர் பற்றி நான் எழுதுகிறேன். நல்ல தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இருக்கிறது. எந்த வழியாகத் திருப்பினாலும் போய்ச் சேரும். கழிவுநீருக்கு அழுத்தம் கிடையாது, வாட்டம் (சரிவு) மட்டுமே உண்டு. ஆகவே புதியவர்கள் பெரும்பாலும் நல்ல தண்ணீர்க் குழாயைப் பற்றியே கவலைப்பட்டாலும், உண்மையில் அதிகத் திட்டமிடல் தேவைப்படுவது கழிவுநீர்க் குழாய்க்குத்தான்.

வாஷ்பேசினுக்கு 40 மி.மீ., சமையலறைத் தொட்டிக்கு 50 மி.மீ., தரை வடிகாலுக்கு 75 மி.மீ., கழிப்பறைக்கு 100 அல்லது 110 மி.மீ. என்பது பரவலான நடைமுறை. சிறிய குழாய்களுக்கு மீட்டருக்கு 20 முதல் 25 மி.மீ. இறக்கம் கொடுங்கள். கழிப்பறைக் குழாய்க்கு மீட்டருக்கு 12 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் போதும். இதைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களானால், தரை வடிகாலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இறங்குகுழாய் இருந்தால், குழாயின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 60 முதல் 75 மி.மீ. உயர வேறுபாடு வேண்டும். அதற்கு மேல் குழாயின் தடிமன், டிராப்பின் (நீர் தேங்கும் வளைவின்) உயரம், நீர்காப்புப் பூச்சு, சாந்து, டைல்ஸ் எல்லாம் சேர வேண்டும். தரையில் அவ்வளவு ஆழம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கழிப்பறைக் கோப்பை எங்கே, ஷவர் எங்கே என்று தீர்மானியுங்கள். கழிப்பறையை எதிர்ச்சுவருக்கு மாற்றுவது படத்தில் அழகாக இருக்கும். தரையின் ஆழம் அதற்கு இடங்கொடுக்காது. ஆழம் போதவில்லை என்பதற்காகத் தளத்துக் கான்கிரீட்டையோ உத்திரத்தையோ வெட்டுவதற்கு ஒருபோதும் துணியாதீர்கள்.

அடுத்தது டிராப். குழாயின் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் தமது கழிப்பறை வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோதே இந்த வளைவு அதில் இருந்தது. இன்றுவரை இதைவிட எளிய தடுப்பு வரவில்லை. தேங்கும் நீரின் ஆழம் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் தட்டையான தரை வடிகால்கள் சிலவற்றில் அந்த ஆழம் இருப்பதில்லை. ஒரு வாரம் வீடு பூட்டியிருந்தாலே வறண்டு நாற்றம் வரும். வாங்குமுன் அதில் தண்ணீர் ஊற்றி, நிற்கும் ஆழத்தை அளந்து பாருங்கள்.

தேங்கும் நீரைக் காப்பது காற்றுக்குழாய். கழிப்பறையிலிருந்து ஒரே வீச்சில் தண்ணீர் இறங்கும்போது குழாயில் பின்னால் வெற்றிடம் உண்டாகும். காற்று நுழைய வழியில்லையென்றால் அந்த வெற்றிடம் பக்கத்து டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஃப்ளஷ் செய்யும்போது தரை வடிகாலில் களகளவென்று ஒலி கேட்டால், அதுதான் நடக்கிறது என்று பொருள். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் திறந்த நிலையில் கொண்டுபோய் விட வேண்டும். ஏற்கெனவே இருப்பதைத் தேவையற்றது என்று கருதி அடைத்துவிடாதீர்கள்.

தாமிரநிறம்

வாட்டம் அவர்களிடம் ஒரு கேள்வி. இறக்கம் மிகுதியானால் தண்ணீர் முந்தி ஓடிவிடும், கழிவு பின்தங்கிக் குழாயிலேயே தங்கும் என்று பலரும் சொல்கிறார்களே, அது சரியா?

வாட்டம்

பலரும் சொல்வது உண்மைதான்; ஆனால் நான் அடைப்பெடுத்த குழாய்களில் இறக்கம் மிகுந்ததால் அடைத்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதையும் கண்டதில்லை. எதிர்வாட்டத்தால் அடைத்தவற்றையும், நடுவில் தொய்ந்து குட்டைபோல் நீர் தேங்கியவற்றையும், 90 டிகிரி எல்போவை அடுத்தடுத்து வைத்ததால் அடைத்தவற்றையுமே பெரும்பாலும் கண்டிருக்கிறேன். செங்குத்தாக இறங்கும் குழாய்களில் இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் பாருங்கள். ஆகவே இறக்கம் கொஞ்சம் மிகுந்துவிட்டதே என்று வருந்துவதைவிட, வழி நெடுகிலும் அது ஒரே சீராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதே பயன் தரும். திருப்பங்களில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி எல்போக்களை வையுங்கள். திசை மாறும் இடங்களில் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி வைத்து, அந்த மூடிக்குக் கை எட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச்சுவர்

எர்த் சரிபார்க்கப்பட்டுத் தனியாக அமைக்கப்பட்டுவிட்டது. முன்பு அது குழாயைத்தான் சார்ந்திருந்தது என்று மின்பணியாளர் காட்டினார். குளிர்நீர், வெந்நீர்க் குழாய்களைச் சுவரில் பதித்துவிட்டேன், பூச்சு இன்னும் பூசவில்லை. சோதிப்பதற்கு, என்னிடம் உள்ள காற்று அழுத்தக் கருவியைக் குழாயில் இணைத்து 6 பார் (அழுத்த அலகு) ஏற்றி வைக்கலாமா? தண்ணீர் ஒழுகிச் சுவர் நனையாது என்பதால் கேட்கிறேன்.

பழைய ரென்ச்

வேண்டவே வேண்டாம். தண்ணீரை அழுத்தினால் அது ஏறக்குறைய சுருங்குவதில்லை. ஓர் இணைப்பு விட்டுப்போனால் கொஞ்சம் பீறிட்டு அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியன்று, சுருங்கிச் சுருங்கி ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிவிசி, சிபிவிசி போன்ற விறைப்பான குழாய் உடைந்தால் சில்லுகளாகச் சிதறி அந்த ஆற்றல் அனைத்தும் வெளிப்படும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் முகமும் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இவ்வகைக் குழாய்களைக் காற்றால் சோதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

கையால் இயக்கும் சோதனைப் பம்பு வாடகைக்குக் கிடைக்கும். முறை இதுதான். திறந்திருக்கும் முனைகள் அனைத்தையும் மரை மூடிகளால் அடையுங்கள். வெந்நீர்க் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் மிக்சர் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் திருகு) வரும் இடத்தில் ஒரு குழாய்த்துண்டால் இணைத்துவிட்டால் ஒரே சோதனையில் இரண்டும் முடியும். கெய்சரை இணைப்பிலிருந்து விலக்கி வையுங்கள். உயரமான முனையைத் திறந்துவைத்து, கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றுங்கள். கடைசியாக ஒட்டிய இணைப்புக்குப் பின் சால்வென்ட் டப்பாவில் அச்சிட்டிருக்கும் உலரும் நேரம் கழிந்திருக்க வேண்டும். ஐயமிருந்தால் 24 மணி நேரம் விடுங்கள்.

முதலில் வீட்டின் வழக்கமான அழுத்தத்துக்கும் குறைவாக ஏற்றி எல்லா இணைப்புகளையும் தடவிப் பாருங்கள். ரப்பர் வளையம் உள்ள இணைப்புகள் சில, குறைந்த அழுத்தத்தில் கசிந்து மிகுந்த அழுத்தத்தில் இறுகிக்கொள்ளும். நேராக உச்சத்துக்கு ஏற்றினால் அந்தக் குறை மறைந்துவிடும். பிறகு இயங்கு அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றுங்கள். உங்கள் வீட்டில் 4 பார் என்றால் 6 பார். பிளாஸ்டிக் குழாய் சற்றே விரிவதால் பம்பின் அளவுமானி முள் முதலில் கொஞ்சம் இறங்கும். அதைக் கண்டு பதற்றப்பட வேண்டாம். மறுபடி ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். அதன்பிறகும் முள் விடாமல் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத் துணுக்கால் ஒற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும்.

சோதனை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடாதீர்கள். பூச்சு பூசி டைல்ஸ் ஒட்டும் வரை வழக்கமான அழுத்தத்தில் தண்ணீர் நிற்கட்டும், அளவுமானியும் அங்கேயே இருக்கட்டும். டைல்ஸ் வேலையில் துளையிடும்போது ஒரு குழாய் காயப்பட்டால் அப்போதே தெரிந்துவிடும்.

ஈரச்சுவர்

இதைப் படித்த பின் என் ஐயம் பெருமளவு தீர்ந்தது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு சோதனை நடந்திருந்தால் சுவரை உடைக்க வேண்டியிருந்திராது. சுண்ணாம்புச்சுவர் அவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை விரித்து வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரிய வேண்டும். நாடா இல்லாத படம் பின்னாளில் துளையிடும் இடத்தைத் தீர்மானிக்க உதவாது.

தாமிரநிறம்

பூச்சுக்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. சுவருக்குள் பதிக்கும் மிக்சர் உடலில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் மேற்பரப்பு அந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் வந்து நிற்க வேண்டும். இன்றைய செங்கல் மட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் தடிமனையும் கூட்டிப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் கைப்பிடி எட்டாது, வெளியே வந்துவிட்டால் மூடித்தட்டு சுவரோடு ஒட்டாது. சுவரின் வெளியே பொருத்தும் மிக்சராக இருந்தால், இரண்டு முனைகளுக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 150 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், வெந்நீர் இடப்பக்கம் வர வேண்டும்.

வெந்நீர்க் குழாயைச் சாந்தில் இறுகப் புதைக்காதீர்கள். பத்து மீட்டர் சிபிவிசி குழாய் 40 டிகிரி சூடேறினால் இரண்டரை செ.மீ. அளவுக்கு நீளும். நெளிவதற்கு இடம் கொடுங்கள். குழாயைச் சுற்றி வெப்பக்காப்பு உறை போட்டுவிட்டால் நீள்வதற்கும் இடம் கிடைக்கும், சூடும் வீணாகாது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடாக இருந்தால் ஷவரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார்தான் கிடைக்கும். ஷவருக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் தொட்டியின் நீர்மட்டம் இருந்தால் 0.3 பார். மழைபோல் பொழியும் அகன்ற ஷவர்கள் பல 1 பார் கேட்பவை. அழுத்தம் குறைந்த வீட்டில் குழாயின் துளையைக் குறைக்காதீர்கள்: அதே அளவு தண்ணீர் 20 மி.மீ. துளையில் பாயும்போது இழக்கும் அழுத்தத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல் 15 மி.மீ. துளையில் இழக்கும்.

மின்கம்பி

கெய்சர் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதன் பாதுகாப்பு வால்விலிருந்து வரும் சிறிய குழாய் அவ்வப்போது சொட்டும். தண்ணீர் சூடாகி விரிவதால் வருவது அது. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிட்டால் கெய்சர் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். அந்த முனைக்கும் வடிகாலுக்கும் இடையே எந்த வால்வும் இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் குளியல் முனையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு வையுங்கள்: 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். கெய்சரின் வெப்பத்தையே தணித்து வைப்பது தீர்வாகாது. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியொனெல்லா பாக்டீரியா பெருகும்.

சுண்ணாம்புச்சுவர்

சோதனைப் பம்பு வாடகைக்கு எடுத்து 6 பார் ஏற்றினேன். குறைந்த அழுத்தத்திலேயே ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய) இணைப்பில் ஈரம் தெரிந்தது. ரப்பர் வளையத்தைச் சரியாக அமர்த்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறது. படங்களும் எடுத்தாயிற்று. கழிவுநீர்க் குழாய்களை மட்டும், தரையின் ஆழம் எல்லைக்கோட்டில் இருப்பதால், தொழில்முறைப் பணியாளரைக் கொண்டு பதிக்கவிருக்கிறேன். அருகிலிருந்து ரசமட்டம் பிடிப்பேன். டைல்ஸ் ஒட்டிய பிறகு திருகுகளைப் பொருத்துமுன் செய்ய வேண்டியது ஏதேனும் இருக்கிறதா?

வாட்டம்

நல்ல முடிவு. கழிவுநீர்க் குழாய்களையும் மூடுமுன் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். நீர்காப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரை முழுவதும் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தின் கூரையை ஆராயுங்கள். டைல்ஸ் ஒட்டியபின் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை.

பழைய ரென்ச்

திருகுகளையும் மிக்சரையும் பொருத்துமுன் ஒவ்வொரு முனையையும் முழுதாகத் திறந்துவிட்டு, ஒரு வாளியில் பிடித்துத் தண்ணீரைப் பாய விடுங்கள். குழாய் வெட்டிய பிசிறும் மணலும் சாந்துத் துகளும் டேப்பின் நூலும் வெளியே வரும். அவை மிக்சரின் பீங்கான் தட்டுகளுக்கு இடையில் சிக்கினால் கீறல் விழுந்து, புதிய மிக்சர் முதல் மாதத்திலேயே சொட்டத் தொடங்கும். மேல்முனையில் தொடங்கிக் கீழ்முனையில் முடியுங்கள். வாளியின் அடியில் துகள் படியாத வரை பாய விடுங்கள். அதன் பிறகும் முனை வடிகட்டிகளைக் கழற்றி வைத்தே திருகுகளைப் பொருத்தி, மறுநாள் ஒருமுறை திறந்துவிட்டபின் வடிகட்டிகளை மாட்டுங்கள்.